கொழும்பில் இருப்பவர்களுக்கு எது ஊர்?

பளையில் எங்கள் கிராமத்தில் பன்னிரண்டு பரப்புத் தென்னங்காணி ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரி கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறார். 2010ஆம் ஆண்டு மீள்குடியேற்றத்துக்கு எங்களை ஏற்றிவந்து இறக்கியபோது, போவதற்கு இடமில்லாத இரண்டு குடும்பங்கள் அந்தக் காணியில் கொட்டில் போட்டுக்கொண்டன. இரண்டிலும் குடும்பத் தலைவர் பெண்தான். ஒருவரின் கணவர் செல் விழுந்து இறந்துவிட்டார். மற்றவரின் கணவரைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். பக்கத்துக் காணிகளில் கல்வீடுகள் எழும்பின. இவர்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. காணி அவர்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பின்னர் வந்த திட்டங்களிலும் அதே கேள்வி, அதே பதில். பிள்ளைகள் கொட்டிலிலேயே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "கொழும்பில இருக்கிறவைக்கு இனி இந்த ஊர் என்னத்துக்கு? அவை கொழும்பு ஆக்களாப் போச்சினம். ஒருக்காப் போய்க் கேட்டா எழுதித் தருவினம்." பக்கத்தில் இருந்த வயதான அம்மா சிரித்தார். "பிள்ளை, கொழும்பில எத்தினை வருசம் இருந்தாலும் ஊர்க்காணி எண்டா உயிர். ஒரு ஓலையும் விழவிடமாட்டினம்."

இந்த இரண்டு வாயையும் காதில் வைத்துக்கொண்டுதான், செயலாளர் என்ற முறையில் நான் ஒரு சித்திரை மாதத் தொடக்கத்தில் பளையில் புகையிரதம் ஏறினேன். பளை நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. 1990இல் நின்றுபோன வடக்குப் புகையிரதம் 2014 மார்ச் மாதம் பளைக்குத்தான் வந்தது. ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஏழு மாதமாக நாங்கள்தான் கடைசி நிலையம். யாழ்ப்பாணத்தார் எல்லாம் எங்கள் ஊருக்கு வந்து ஏறவேண்டியிருந்தது. அந்தப் பெருமை எங்களுக்கு இன்னும் போகவில்லை.

வெள்ளவத்தைக்குப் போன உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோட்டையில் இறங்கி 100ஆம் இலக்க பஸ்சில் காலி வீதியால் வந்தால், பம்பலப்பிட்டி தாண்டியதும் காதில் விழும் பேச்சு மாறிவிடும். மரக்கறிக் கடையில் யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் ஒடியல் மாவும் பனங்கட்டிக் குட்டானும் இருக்கின்றன. ஒரு கூடையில் பருவத்துக்கு முந்தி வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம். யாழ்ப்பாணத்தில் காய்க்கிற பழத்துக்குக் கொழும்புப் பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அது கொழும்பில் ஊர்ப் பழமாக விற்கப்படுகிறது.

காணிக்கார மாமி இருப்பது ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். கீழே அறிவிப்புப் பலகையில் நான்கு துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று தண்ணீர் நிறுத்தம். மற்ற மூன்றும் ஊர்ச் செய்திகள்: ஒரு பாடசாலைப் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளையின் கூட்டம், ஒரு கோயில் கும்பாபிஷேக நிதி, ஒரு அந்தியேட்டி அறிவித்தல். அந்தியேட்டி அறிவித்தலில் இறந்தவரின் பிறந்த ஊர் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் ஐம்பது வருடம் கொழும்பில் வாழ்ந்தார் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

மாமிக்கு எழுபது வயது. நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கமுதலே, "அந்தப் பிள்ளையள் இருக்கட்டும், நான் எழுப்பப்போறதில்லை" என்றார். பிறகு தேத்தண்ணி போட்டுக்கொண்டே கேட்டார்: "வடக்கு வேலியில ஒரு புளி நிண்டது. நிக்குதோ?" நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டுச் சண்டையிலேயே முறிந்துவிட்டது. அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்ததும், எங்கள் ஊர் அம்மா சொன்னது சரி என்று எண்ணினேன். அது பாதிதான் சரி என்பது அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது.

மாமி 1979இல் கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவர். கணவர் அரசாங்க லிகிதர். 1981இல் மகள் பிறந்தாள். 1983 ஆடியில் வாடகை வீட்டை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தார்கள். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். "சொந்த ஊருக்குப் போங்கோ எண்டு ஏத்தினவை. எனக்குச் சொந்த ஊர்தான். ஆனா என்ர பிள்ளை கொழும்பில பிறந்தது. அதுக்கு எது சொந்த ஊர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். 1958 கலவரத்தின்போதும் இப்படித்தான் கொழும்பில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள்.

கணவர் 1986இல் வெளிநாடு போனார். 1992இல் இருந்து கடிதம் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. மாமி பளையில் தென்னையோடும் மாட்டோடும் மகளை வளர்த்தார். 2000இல் ஆனையிறவுச் சண்டை பளையைச் சுற்றி நடந்தபோது தென்மராட்சியால் யாழ்ப்பாணம் போய், திருகோணமலைக்குக் கப்பல் ஏறி, மறுபடியும் கொழும்பு. "போகேக்கையும் கப்பல், வரேக்கையும் கப்பல்" என்று சிரித்தார்.

அன்று முதல் அவர் கொழும்பில்தான். ஆனால் கொழும்பு அவரைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து அடையாள அட்டை நினைவிருக்கிறதா? கொழும்பில் எடுத்தால் சிங்களத்தில் மட்டும் இருக்கும். வடக்கு கிழக்கில் எடுத்தால் தமிழும் சேர்ந்திருக்கும். சோதனைச் சாவடியில் தமிழ் எழுத்தைக் கண்டதுமே ஒரு பக்கமாக நிற்கச் சொல்வார்கள். அது இல்லாவிட்டாலும் பின்பக்கத்தில் பிறந்த இடம் இருந்தது. எல்லோருக்கும் இருமொழி அட்டை என்பது 2014இல்தான் வந்தது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிந்து அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். மாமி அந்தப் பதிவுத் துண்டுகளை இன்னும் எறியவில்லை. காணி உறுதி வைத்திருக்கும் அதே பெட்டியில், அதற்கு மேலே வைத்திருக்கிறார்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் நிற்கிறார்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கு வந்தவர்களும் விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே நீதிமன்றம் இதைத் தடுத்தது, பலர் திரும்பிவந்தார்கள். அப்போதைய பிரதமர் மன்னிப்பும் கேட்டார். மாமியிடம் பதிவுத் துண்டு இருந்தபடியால் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. "அண்டைக்கு விளங்கினது பிள்ளை, நான் கொழும்பு எண்டு சொன்னாலும் அவை விடமாட்டினம் எண்டு" என்றார்.

நான் மனதில் ஒரு கணக்கோடுதான் போயிருந்தேன் என்பதை மறைக்கக்கூடாது. நாங்கள் முள்ளிவாய்க்காலுக்கும் மெனிக் பாமுக்கும் போய்வந்தவர்கள். கொழும்பில் இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டவர்கள் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம் உண்டு. மாமியின் பெட்டியைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பது கடினமாகிவிட்டது.

மாமியின் பேத்திக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் "நீ எந்த ஊர்?" என்று கேட்டேன். "கொழும்பு, அன்ரி" என்றாள், ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "எந்த மாகாணம்?" என்றேன். அதற்குத்தான் யோசித்தாள். "மேல் மாகாணம். ஆனா அப்பிடி ஆரும் சொல்லமாட்டினம். அது வாகன நம்பர் தகட்டிலதான் இருந்தது. இப்ப புதுத் தகட்டில அதுவும் இல்லை" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. கொழும்பில் நான் கண்ட எவரும் தன்னை மேல் மாகாணத்தவர் என்று சொல்லவில்லை. மாகாணக் கோடுகள் ஆங்கிலேயர் 1833இல் ஐந்தாகப் போடத் தொடங்கி, 1889இல் ஒன்பதாக முடித்தவை. வடக்கில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கோடு உயிரோடு இருக்கிறது. 2013 செப்ரெம்பரில் முதன்முதலாக வட மாகாண சபைக்கு வாக்களிக்க எங்கள் ஊரில் ஊன்றுகோலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் 2014இல் மேல் மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. மாமி வாக்களித்தாரா என்று கேட்டேன். "போட்டனோ தெரியாது" என்றார்.

ஆனால் "மேல் மாகாணத் தமிழர்" என்ற சொல்லுக்காக ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒரு பின்னேரம் மாமி என்னைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில் அது. வெளியே வெயில் எரிந்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும். இராமநாதனும் தம்பி அருணாசலமும் கொழும்பில் பிறந்தவர்கள், குடும்பம் மானிப்பாயைச் சேர்ந்தது. அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது காப்பாற்றப்படாதபோது 1921இல் காங்கிரசை விட்டு விலகினார். தமிழர் அரசியல் தனிவழி போனதற்கு இதை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். அது கொழும்புத் தமிழருக்கான ஒரு ஆசனத்தைப் பற்றிய பிணக்கு. அண்ணனோ கொழும்பில் பிறந்து வளர்ந்தும், பெண்பிள்ளைகளுக்கு 1913இல் கல்லூரி கட்டியது மருதனார்மடத்தில். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்குள்ளேயே ஊர் இரண்டாக இருந்திருக்கிறது.

பேத்திக்குக் கொழும்பு என்று சொல்வதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகிறது. அவள் கொழும்பில் படித்தவள், ஆகவே கொழும்பு மாவட்டம். "கிளிநொச்சியில எடுத்திருந்தா இந்தப் பெறுபேறுக்கு உள்ளுக்குப் போயிருப்பன்" என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. "அங்க இருக்கிற பிள்ளையளுக்கு வசதி இல்லைத்தானே, அது சரி" என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கொழும்பு மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒருவர் அளவில் இலங்கைத் தமிழர். ஆனால் ஊரை முதுகில் சுமக்கிறவர்கள் நாங்கள் மட்டும் என்று நினைக்கக்கூடாது. மாமிக்கு எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் மாத்தறை. அந்த அம்மா பிறந்ததே கொழும்பில்தான். ஆனாலும் சித்திரை வருடப் பிறப்புக்கு "கமட்ட யனவா", ஊருக்குப் போகிறோம் என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கீழே பலசரக்குக் கடையில் நிற்கும் பெண் ஹற்றன் பக்கத்துத் தோட்டம். அவருடைய பாட்டனாரிடம் ஊர் கேட்டால் இந்தியாவில் ஒரு ஊரைச் சொல்வாராம். இவர் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார். மலையகத்து மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரசாவுரிமை கிடைத்தது. இந்த நாட்டில் ஒரு ஊரைத் தன் ஊர் என்று சொல்ல அவர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. மாமி சட்டை தைக்கக் கொடுக்கும் தையற்காரர் ஒரு முஸ்லிம். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டவர். "நான் யாழ்ப்பாணம்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நொத்தாரிசிடம் போன கதை.

காணியை இரண்டு துண்டாக்கி இரண்டு பெண்களுக்கும் நன்கொடை உறுதி எழுதிக்கொடுக்க மாமி சம்மதித்துவிட்டார். தனக்கு நாலு பரப்பை வைத்துக்கொண்டு, எட்டுப் பரப்பை ஆளுக்கு நாலாகக் கொடுப்பது என்று பேச்சு. நொத்தாரிசும் ஒரு பெண். உறுதியை வாசித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "நீங்கள் தேசவழமைக்கு உட்பட்டவரா?"

தேசவழமை ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த சட்டம். வட மாகாணத்தை வாழிடமாகக் கொண்ட தமிழருக்கு உரியது. அதில் வரும் திருமணச் சொத்துப் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் பெயரில் இருக்கும் காணியைத் தானே விற்கவோ கொடுக்கவோ முடியாது. கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த காணிக்கும் இதே கதிதான். ஆகவே ஒருவர் கொழும்பில் நிலையாகக் குடியிருந்து தேசவழமையிலிருந்து விலகிவிட்டாரா, அல்லது எங்கே வாழ்ந்தாலும் வடக்கைத்தான் வீடாக நினைக்கிறாரா என்று நீதிமன்றங்கள் எத்தனையோ வழக்குகளில் ஆராய்ந்திருக்கின்றன.

மாமி நிமிர்ந்து இருந்து, "நான் கொழும்பிலதான் இருக்கிறன். ஆனா நான் பளை" என்றார்.

நொத்தாரிசு சொன்னது எங்கள் இருவரையும் வாயடைக்க வைத்தது. மனைவி எந்த ஊர் என்பது அவ்வளவு கணக்கில்லையாம். கணவன் தேசவழமைக்கு உட்பட்டவனா என்பதுதான் கணக்காம். உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளும் உட்பட்டவள். உட்பட்ட பெண் உட்படாத ஆணை மணந்தால் அவள் விலகிவிடுகிறாள். கப்பலில் போய், கப்பலில் வந்து, பதிவுத் துண்டு சேர்த்து வைத்த மாமியின் ஊர் எது என்பதை, முப்பது வருடமாக ஒரு கடிதமும் போடாத மனுசனைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்து படியில் நின்று, "அப்ப நான் எந்த ஊர் எண்டு அந்தாளைத் தேடிப்போய்க் கேக்கிறதோ?" என்றார் மாமி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வழி இல்லாமல் இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இது தேவைப்படலாம், ஆகவே நொத்தாரிசு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கணவன் கைவிட்டுவிட்டாலோ, இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தாலோ, அவன் இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யலாம். கணவனின் சம்மதம் இல்லாமல் காணியைக் கொடுக்க நீதிமன்றம் அனுமதி தரலாம். காணாமற்போன கணவனின் மனைவியும் இந்த வழியால் போகலாம். மற்றது, மரணசாதனம் எழுதுவதற்குக் கணவனின் சம்மதம் தேவையே இல்லை. உயிரோடு இருக்கும்போது கொடுப்பதற்குத்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். இறந்தபின் கொடுப்பதற்குக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் நொத்தாரிசு விளங்கப்படுத்தினார். போரினால் தன் காணியைப் பராமரிக்க முடியாமற் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தைக் கணக்குக் காட்டி வேறு ஒருவர் ஆட்சியுரிமை கோரி எழுதிக்கொள்வதை அது கட்டுப்படுத்துகிறது. இது இடம்பெயர்ந்த எங்களுக்கும் நல்ல சட்டம். ஊரில் சிலர், "பத்து வருசத்துக்கு மேல இருந்திட்டினம்தானே, வழக்குப் போடச் சொல்லுங்கோ" என்று அந்த இரண்டு பெண்களுக்கும் புத்தி சொன்னதுண்டு. அவர்கள் சொந்தக்காரியின் அனுமதியோடுதான் இருக்கிறார்கள், ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க நான் கொழும்புக்குப் போகவில்லை.

மாமி இரண்டையும் செய்தார். மரணசாதனத்தை அந்தக் கிழமையே எழுதி, இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்தார். தனக்கு வைத்த நாலு பரப்பைப் பேத்திக்கு எழுதினார். "நான் அங்க போய் என்ன செய்யிறது அம்மம்மா?" என்றாள் பேத்தி. "நீ போகாட்டிலும் அது இருக்கும். ஆரும் நீ எந்த ஊர் எண்டு கேட்டா ஒரு கடதாசி காட்டலாம்" என்றார் மாமி. நீதிமன்ற விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரங்களை நொத்தாரிசு குறித்துக் கொடுத்தார்: கலியாணப் பதிவு, காணி உறுதி, கணவருடைய தொடர்பு அறுந்ததைக் காட்டக்கூடிய எதுவும். 1992ஆம் ஆண்டுக் கடைசிக் கடிதம் அதே பெட்டியில் இருந்தது.

ஏப்ரல் 12ஆம் திகதி நான் திரும்பினேன். கோட்டை நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கண்டிக்கு, மாத்தறைக்கு, பதுளைக்கு என்று கொழும்பு முழுவதும் பொதிகளோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னை வழியனுப்ப வந்த மாமி அந்தச் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் வரலாம்தான். வந்தா எங்க படுக்கிறது?" என்றார். தன் காணியிலேயே தனக்கு ஒரு கொட்டில் இல்லை. நான் சொன்னேன், அந்தப் பிள்ளைகள் ஒரு அறை தருவார்கள் என்று. "பாப்பம்" என்றார். புகையிரதம் வெளிக்கிடும்போது யன்னலுக்குள்ளால் ஒரு பையைத் தந்தார். அதற்குள் இரண்டு சேலையும் ஒரு புளியங்கொட்டைப் பொட்டலமும் இருந்தன. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய புளியில் எடுத்த கொட்டை.

விண்ணப்பம் போட்டாயிற்று. முதலாவது தவணை முடிந்து, அடுத்த தவணை ஆவணியில். கணவருக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும் என்பதால் நாள் எடுக்கும் என்கிறார்கள். புளியங்கொட்டையில் நான்கு முளைத்திருக்கின்றன, ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மழைக்கு முன் இரண்டு கொட்டிலையும் மேயவேண்டும். சங்கத்துப் பெண்கள் பின்னேரங்களில் அந்தக் காணியில் கூடிக் கிடுகு பின்னுகிறோம்.